பாஸ்த்ரூ கட்டுரையில் விடுபட்ட பாதி: ரீசெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் கணினியில் உள்ள கிராபிக்ஸ் கார்டை மெய்நிகர் கணினியிடம் நேரடியாக ஒப்படைக்கும் 'பாஸ்த்ரூ' முறை பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயாஸில் ஐஓஎம்எம்யூவை (சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) இயக்குவது, சாதனத்தை மெய்நிகர் கணினிக்கு ஒப்படைக்க உதவும் விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவரின் கீழ் கார்டைக் கொண்டுவருவது, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட்டில் சேர்ப்பது என எல்லாப் படிகளும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் முடிவில், மெய்நிகர் கணினியை நிறுத்தியதும் கார்டு தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பிக் கார்டு வாங்குபவர்கள் அவதிப்படுவார்கள் என்பதால் இந்தக் கடிதம்.

கார்டு தானாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை ரீசெட் செய்தாக வேண்டும், அந்த ரீசெட்டுக்குக் கார்டும் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத கார்டுகள் சந்தையில் நிறையவே உண்டு. அவற்றில் மெய்நிகர் கணினி முதல் முறை அழகாக ஓடும். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் திரை கறுப்பாகவே நிற்கும். கெர்னல் பதிவில், எஃப்எல்ஆர் என்ற ரீசெட்டுக்குப் (விளக்கம் கீழே) பிறகு 1023 மில்லி வினாடியாகியும் தயாரில்லை என்ற வரி வரும். அடுத்து 2047, 4095 என்று காத்திருப்பு இரட்டிப்பாகிக்கொண்டே போய், 65535-ல் கெர்னல் கைவிட்டுவிடும். அதன்பின், பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டிப் பார்த்தால் கார்டின் ரிவிஷன் 'எஃப்எஃப்' என்று காட்டும். லிப்வர்ட், ஹெடர் வகை 127 என்ன என்று தெரியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: கார்டிடமிருந்து பதிலே வரவில்லை. பதில் வராத பிசிஐ சாதனத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகவே கிடைக்கும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும், மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியையே அணைத்துப் போட வேண்டியதுதான். அதில் வேறு நாலு மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தால் அவையும் சேர்ந்து விழும்.

ரீசெட் ஏன் கட்டாயம் என்பதைச் சொல்கிறேன். மெய்நிகர் கணினிக்குள் ஓடும் கெஸ்ட் இயங்குதளத்தின் டிரைவர் கார்டுக்குள் ஃபர்ம்வேரை (கார்டின் உள் மென்பொருளை) ஏற்றுகிறது, கடிகார வேகத்தை மாற்றுகிறது, நினைவக முகவரிகளைக் கொடுத்து நேரடியாக எழுதச் சொல்கிறது. கெஸ்ட் சட்டென்று நின்றுவிட்டால் கார்டுக்கு அது தெரியாது. பழைய வேலையைத் தொடரும். ஐஓஎம்எம்யூ இருப்பதால் அது ஹோஸ்டின் நினைவகத்தைக் கெடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் அடுத்து வரும் டிரைவர், இப்போதுதான் மின்சாரம் கிடைத்த கார்டு என்று நினைத்துக்கொண்டு தொடக்க வேலைகளைச் செய்யும். உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரோ நடுவழியில் நிற்கும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கறுப்புத் திரை.

இன்னொரு காரணம் தகவல் பாதுகாப்பு. கல்லூரி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ ஒரே கார்டை மாற்றி மாற்றிப் பலருக்குக் கொடுக்கும்போது, முந்தையவர் விட்டுச்சென்றது அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. எஃப்எல்ஆர் முறைக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிமுறை இதை வெளிப்படையாகவே நிபந்தனையாக வைத்திருக்கிறது: முந்தைய பயன்பாட்டின் ரகசியம் அடங்கியிருக்கக்கூடிய எதையும், மென்பொருள் படிக்கும்படி சாதனம் உள்ளே வைத்திருக்கக்கூடாது.

எஃப்எல்ஆர் என்பது ஒரு ஃபங்ஷனை, அதாவது சாதனத்துக்குள் தனி முகவரியோடு இயங்கும் ஒரு பகுதியை, மட்டும் ரீசெட் செய்வது. சாதனத்தின் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் 15-ஆம் பிட்டை 1 ஆக்கினால் தொடங்கும். 100 மில்லி வினாடிக்குள் முடிந்தாக வேண்டும் என்பது விதி. அதற்கு முன் கெர்னல், நிலுவையில் உள்ள பரிமாற்றங்கள் முடியக் காத்திருக்கும். ரீசெட்டில் சாதனத்தின் அமைப்புப் பதிவேடுகள் அழிந்துபோகும் என்பதால் அவற்றை முன்கூட்டியே சேமித்து வைத்து, பிறகு திரும்ப எழுதும். பக்கத்தில் உள்ள எந்தச் சாதனத்தையும் தொடாத சுத்தமான முறை இதுதான். ஆனால் சாதாரணச் சாதனங்களுக்கு விதிமுறை இதைக் கட்டாயமாக்கவில்லை. ஒரே கார்டைப் பல மெய்நிகர் ஃபங்ஷன்களாகப் பகிரும் எஸ்ஆர்-ஐஓவி வசதியுள்ள நெட்வொர்க் கார்டுகளில், அந்த ஃபங்ஷன்களுக்கு இது கட்டாயம். அந்தக் கார்டுகள் பாஸ்த்ரூவில் பெரும்பாலும் தொந்தரவு தராததற்கு அதுவே காரணம்.

எஃப்எல்ஆர் இல்லாத இடத்தில், சாதனத்தை டி3ஹாட் என்ற உறக்க நிலைக்கு அனுப்பி, முழு இயக்க நிலையான டி0-க்குத் திருப்பும் பிஎம் ரீசெட் ஒரு வழி. அது சாதனத்தின் மின்மேலாண்மைப் பகுதி 'நோசாஃப்ட்ஆர்எஸ்டி-' என்று சொன்னால் மட்டும். '+' என்றால் உறங்கி எழுந்தாலும் நிலை அப்படியே இருக்கும் என்று பொருள், ஆகவே கெர்னல் அதை ரீசெட்டாக ஏற்காது.

கடைசி வழி பஸ் ரீசெட். இதில்தான் பலர் குழம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பஸ் என்பது சாதனங்கள் அமரும் தடம்; அதைக் கணினியோடு இணைப்பது பாலம். கார்டுக்கு மேலே உள்ள பாலத்தின் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் ஒரு பிட்டை ஏற்றி இறக்கினால், அதன் கீழ் உள்ள பஸ்ஸில் இருக்கும் அனைத்தும் ரீசெட் ஆகும். பிட்டைக் குறைந்தது 1 மில்லி வினாடி பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. லினக்ஸ் பாதுகாப்புக்காக 2 மில்லி வினாடி பிடிக்கிறது. அந்தப் பஸ்ஸில் வேறு சாதனம் இருந்தால் அதுவும் அடிபடும் அல்லவா? அதனால் ஒரு தனி ஃபங்ஷனை ரீசெட் செய்யச் சொல்லும்போது, பஸ்ஸில் அது ஒன்று மட்டும் இருந்தால்தான் கெர்னல் இதற்குச் சம்மதிக்கும். கிராபிக்ஸ் கார்டு என்றால் 00.0-ல் திரைக்கான ஃபங்ஷனும், 00.1-ல் எச்டிஎம்ஐ ஒலிக்கான ஃபங்ஷனும் சேர்ந்தே இருக்கும். எனவே கெர்னலிடம் தனியாகக் கேட்டால் பஸ் ரீசெட் கிடையாது என்ற பதில்தான் வரும்.

அப்படி வந்தால் மனம் தளர வேண்டாம். விஎஃப்ஐஓவில் 'ஹாட் ரீசெட்' என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. பஸ்ஸில் உள்ள அத்தனை ஃபங்ஷன்களும் ஒரே மெய்நிகர் கணினியின் பொறுப்பில் இருந்தால் மெய்நிகர் கணினியை ஓட்டும் நிரலான கியூஇஎம்யூ மொத்தமாக ரீசெட் செய்துவிடும். கார்டின் ஒலிப் பகுதி வேண்டாம் என்று ஹோஸ்டிலேயே விட்டுவிடுபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். புதிய கார்டுகள் சிலவற்றில் யூஎஸ்பி-சி கட்டுப்படுத்தியும் சேர்த்து நான்கு ஃபங்ஷன்கள் உண்டு. நான்கையும் விஎஃப்ஐஓ-பிசிஐ கீழ் கொண்டுவந்து, நான்கையும் ஒரே மெய்நிகர் கணினிக்குக் கொடுங்கள்.

இதோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை. ஐஓஎம்எம்யூ குழுக்கள் (சேர்த்தே ஒப்படைக்க வேண்டிய சாதனங்களின் தொகுப்புகள்) பெரிதாக இருக்கின்றன என்று ஏசிஎஸ் ஓவர்ரைடு பேட்ச் போட்டுக் குழுக்களைப் பிரிப்பவர்கள் பலர். அந்தப் பேட்ச், சாதனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருப்பதாகக் கெர்னலை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். மின்சுற்று அப்படியேதான் இருக்கிறது, பஸ் ரீசெட் எல்லாவற்றையும் அடிப்பதும் அப்படியேதான். அதனால் ரீசெட் நேரத்தில், 'இந்தச் சாதனத்தை ரீசெட் செய்ய முடியாது, உங்களிடம் இல்லாத இன்னொரு குழுவைச் சார்ந்திருக்கிறது' என்று பிழைச் செய்தி வரும். அது கெர்னலின் கோளாறு அல்ல; சரியான மறுப்பு. சாதனங்களுக்கிடையே உள்ள பாதுகாப்பையும் குறைப்பதால் அந்தப் பேட்ச்சைப் பலர் பகிரும் கணினியில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தன்னிடம் உள்ள சாதனத்துக்கு எந்த முறை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ரூட் உரிமையோடு எல்எஸ்பிசிஐ கட்டளையை மூன்று 'வி' சேர்த்து, 'எஸ்' விருப்பத்தில் சாதன எண் கொடுத்து ஓட்டுங்கள். சாதனத் திறன் என்ற பகுதியில் 'எஃப்எல்ரீசெட்+' இருந்தால் எஃப்எல்ஆர் உண்டு. மின்மேலாண்மைப் பகுதியில் 'நோசாஃப்ட்ஆர்எஸ்டி' குறியைப் பாருங்கள். சாதாரணப் பயனராக ஓட்டினால் இந்தப் பகுதிகள் தெரியாது, அனுமதி மறுக்கப்பட்டதாகத்தான் காட்டும்.

2021-ல் வந்த கெர்னல் 5.15 முதல் இன்னும் எளிது. கெர்னல் சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் சாதனத்தின் கோப்புறைக்குள் 'ரீசெட்_மெத்தட்' என்ற கோப்பு இருக்கும். அதைப் படித்தால், கெர்னல் எந்த முறைகளை எந்த வரிசையில் முயலும் என்று தெரியும். அதில் ஒரு முறையின் பெயரை எழுதினால் அதை மட்டும் பயன்படுத்தும்; 'டீஃபால்ட்' என்று எழுதினால் பழைய வரிசை திரும்பும். எஃப்எல்ஆர் இருந்தும் சரியாக வேலை செய்யாத சாதனத்துக்கு 'பஸ்' என்று எழுதிப் பார்ப்பது நல்ல முதல் முயற்சி. ஹோஸ்ட் மறுபடி துவங்கினால் இந்த மாற்றம் போய்விடும், ஆகவே துவக்கத்தில் தானாக ஓடும் யூடெவ் விதியாகவோ சிஸ்டம்டி சேவையாகவோ வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பே இல்லையென்றால், அந்த ஃபங்ஷனைத் தனியாக ரீசெட் செய்யக் கெர்னலிடம் எந்த வழியும் இல்லை என்று பொருள். மதர்போர்டிலேயே உள்ள, பஸ் 00-ல் நேரடியாக அமர்ந்திருக்கும் சாதனமாக அது இருந்தால், மேலே பாலம் இல்லாததால் பஸ் ரீசெட்டும் கிடையாது. அப்படிப்பட்டதை மெய்நிகர் கணினிக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

திறன் இருக்கிறது என்று சாதனம் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. கெர்னல் மூலநிரலில் பிசிஐ விதிவிலக்குகளுக்கென்று உள்ள கோப்பைப் புரட்டினால் இது புரியும். எச்டி8570 (ஓலேண்ட்) போன்ற சில ஏஎம்டி கார்டுகள், டி3ஹாட் போய் வந்தால் ரீசெட் ஆவதாகச் சொல்கின்றன. உண்மையில் ஒன்றும் ஆவதில்லை; ஃப்ரேம்பஃபரில் இருந்த படம் அப்படியே இருக்கும், மானிட்டரின் ஒத்திசைவுகூட விலகாது. அதனால் அவற்றுக்குப் பிஎம் ரீசெட் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒரே கார்டைப் பலருக்குக் கொடுப்பவர்கள் இந்த ஒரு குறிப்பையாவது மனதில் வைக்க வேண்டும்.

அதே கோப்பில், ஏஎம்டியின் மேட்டிஸ் தலைமுறை யூஎஸ்பி கட்டுப்படுத்தியும் ஒலிக் கட்டுப்படுத்தியும் எஃப்எல்ஆர் செய்தால் உறைந்துபோகும் என்று அந்த முறை நிறுத்தப்பட்டிருக்கிறது. யூஎஸ்பி கட்டுப்படுத்தியை முழுதாகக் கெஸ்டுக்குக் கொடுக்கும் ரைசன் பயனர்கள் பழைய கெர்னலில் ஹோஸ்ட் உறைவதைக் கண்டால் முதலில் கெர்னலைப் புதுப்பிக்க வேண்டும். சாம்சங் எஸ்எம்961 என்விஎம்இ டிஸ்க், கட்டுப்படுத்தியை முறைப்படி நிறுத்திய பிறகே எஃப்எல்ஆரை ஏற்கும். இன்டெல் பி3700-க்கு எஃப்எல்ஆருக்குப் பின் கூடுதலாக 250 மில்லி வினாடி அவகாசம் வேண்டும். ஏதெரோஸ் ஏஆர்93எக்ஸ்எக்ஸ் வைஃபை சிப்புக்குப் பஸ் ரீசெட் செய்தால் அது திரும்ப வரவே வராது. தொட முயன்றால் கணினியே உறையும். இவையெல்லாம் பயனர்கள் பட்ட பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. பாஸ்த்ரூ செய்யும் கணினியில் பழைய கெர்னலோடு தங்கிவிடக்கூடாது என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஏஎம்டியின் போலாரிஸ், வேகா, முதல் தலைமுறை நாவி கார்டுகளில். ஆர்எக்ஸ் 580, வேகா 56, ஆர்எக்ஸ் 5700 என்றால் வாசகர்களுக்குப் புரியும். பயன்படுத்திய கார்டுச் சந்தையில் இவை மலிவாகக் கிடைப்பதால்தான் வாங்குகிறார்கள். இவற்றில் பஸ் ரீசெட் நடந்தாலும், உள்ளே இருக்கும் சிறு செயலிகள் பழைய நிலையிலேயே தங்கிவிடுகின்றன. இதற்காக ஜெஃப்ரி மெக்ரே, ஆடம் மேட்சன் இருவரும் எழுதியது 'வெண்டார்-ரீசெட்' என்ற கெர்னல் தொகுதி. கார்டின் வகை பார்த்து, அதற்கே உரிய வரிசையில் பதிவேடுகளை எழுதி ரீசெட் செய்கிறது.

நிறுவும்போது தவறும் இடங்கள் மூன்று. தொகுதி, ஓடும் கெர்னலுக்கேற்ப வெளித் தொகுதிகளைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாகக் கட்டப்படுகிறது, எனவே ஓடும் கெர்னலுக்கான ஹெடர் கோப்புகள் இருக்க வேண்டும். கெர்னலில் எஃப்டிரேஸ், கேப்ரோப்ஸ் வசதிகளும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத தொகுதி ஏறாது. மூன்றாவதுதான் அதிகம் மறக்கப்படுவது: கெர்னல் 5.15-க்குப் பிறகு, அந்தக் கார்டின் ரீசெட்_மெத்தட் கோப்பில் 'டிவைஸ்_ஸ்பெசிஃபிக்' என்று எழுதினால்தான் இந்தத் தொகுதி பயன்பாட்டுக்கு வரும். தொகுதி ஏறியிருக்கிறது, ஆனால் ஒன்றும் மாறவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். சரியாக நடந்தால் கெர்னல் பதிவில் கார்டின் குடும்பப் பெயரோடு ரீசெட்டுக்கு முன், ரீசெட், ரீசெட்டுக்குப் பின் என்ற வரிகளும், முடிவு 0 என்பதும் வரும். ஆர்எக்ஸ் 6000 வரிசைக்கு இந்தத் தொகுதி தேவையில்லை. பெரும்பாலானவை பஸ் ரீசெட்டிலேயே சரியாகின்றன.

ரீசெட் தோற்று கார்டு தொங்கிவிட்டது, ஹோஸ்டை அணைக்கவும் முடியாது என்றால் ஒரு வழி மிச்சமிருக்கிறது. மெய்நிகர் கணினியை முழுதாக நிறுத்துங்கள். கார்டின் எல்லா ஃபங்ஷன்களின் கோப்புறையிலும் உள்ள 'ரிமூவ்' கோப்பில் 1 எழுதுங்கள். பிறகு ஆர்டிசிவேக் கட்டளையால் ஹோஸ்டை 5 வினாடி 'மெம்' உறக்கத்துக்கு அனுப்புங்கள். இந்த உறக்கத்தில் ஸ்லாட்டுக்கு மின்சாரம் நிற்கும், அதனால் கார்டு உண்மையாகவே அணைந்து எழும். எழுந்ததும் பிசிஐ பஸ்ஸின் 'ரீஸ்கேன்' கோப்பில் 1 எழுதினால் கார்டு புதிதாகக் கண்டுபிடிக்கப்படும். அந்த நொடியில் ஹோஸ்டின் கிராபிக்ஸ் டிரைவர் கார்டைப் பிடித்துக்கொள்ளாதபடி, விஎஃப்ஐஓ-பிசிஐக்குக் கார்டின் அடையாள எண்களை, கெர்னல் தொகுதிகளை ஏற்றும் மோட்ப்ரோப் அமைப்பில் முன்பே கொடுத்திருக்க வேண்டும். மற்ற மெய்நிகர் கணினிகள் அந்த 5 வினாடி உறைந்து பிறகு தொடரும்; அவற்றின் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் மதர்போர்டுகள் பலவற்றில் இந்த உறக்க வசதியே இருக்காது. உறங்காமல் ரிமூவும் ரீஸ்கேனும் மட்டும் செய்வது, தொங்கிய கார்டை எழுப்பாது. கெர்னலின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துச் சேர்ப்பது மட்டும்தான் அதில் நடக்கிறது.

பதிவில் 'டி3கோல்டிலிருந்து டி0-க்கு மாற்ற முடியவில்லை' என்று வந்தால் அது வேறு நோய். சும்மா இருக்கும் கார்டை ஹோஸ்ட் ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பி, எழுப்ப முடியாமல் தவிக்கிறது. கார்டின் 'டி3கோல்ட்_அலவ்டு' கோப்பில் 0 எழுதுவதும், விஎஃப்ஐஓ-பிசிஐ தொகுதிக்கு 'டிசேபிள்_ஐடில்_டி3=1' கொடுப்பதும் பல நேரம் போதும். கார்டு சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் இழுக்கும், அதைத் தவிர்க்க முடியாது.

விஎம்வேரின் மெய்நிகராக்க மேடையான இஎஸ்எக்ஸ்ஐ பயன்படுத்துவோருக்கு, ரீசெட் முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை 'பாஸ்த்ரூ.மேப்' கோப்பு செய்கிறது. தயாரிப்பாளர் எண், சாதன எண், ரீசெட் முறை என்று ஒரு வரி. முறையாக எஃப்எல்ஆர், டி3டி0, லிங்க், பிரிட்ஜ், டீஃபால்ட் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுக்கலாம்.

எந்த மேடையானாலும் கெஸ்டை உள்ளிருந்து முறைப்படி நிறுத்துவது பாதிச் சிக்கலைத் தவிர்க்கும். டிரைவர் கார்டை ஒழுங்காக இறக்கிவைக்க அப்போதுதான் வாய்ப்புக் கிடைக்கிறது. லிப்வர்ட்டின் விர்ஷ் கட்டளையில் உள்ள 'டெஸ்ட்ராய்', பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். புதிய கார்டைச் சோதிக்கும்போது மட்டும் வேண்டுமென்றே அதைச் செய்து பாருங்கள்: ஒருமுறை முறையான நிறுத்தம், ஒருமுறை கெஸ்டுக்குள் ரீபூட், கடைசியாக டெஸ்ட்ராய், ஒவ்வொன்றுக்கும் பின் மீண்டும் தொடக்கம். மூன்றிலும் திரை வந்தால்தான் அந்தக் கார்டை வேலைக்கு வைக்கலாம். இந்தச் சோதனையை, திருப்பித் தர அவகாசம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கிராபிக்ஸ் கார்டு, என்விஎம்இ, நெட்வொர்க் கார்டு மதிப்புரைகளில் வேகமும் விலையும் வெப்பமும் வருகின்றன. பெட்டியிலோ கடைக்காரர் தரும் விவரத்தாளிலோ கிடைக்காத ஒரு தகவல், அதில் எஃப்எல்ஆர் இருக்கிறதா என்பது. மதிப்புரைக்குக் கார்டு கையில் இருக்கும்போது எல்எஸ்பிசிஐ வெளியீட்டின் அந்த இரண்டு வரிகளையும், ரீசெட்_மெத்தட் கோப்பில் இருப்பதையும் சேர்த்து அச்சிட்டால், மூன்று வரி இடம்தான் ஆகும். கணினிப் பக்கத்தின் அடுத்த மதிப்புரையிலிருந்தே அதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
கோவை.